கல்யாணம் ரெஜிஸ்டர் ஆகவில்லை

போன வாரம் ஆதாரில் விலாசம் மாற்றப் போயிருந்தேன். வரிசை நகர்ந்து நகர்ந்து என் முறை வந்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, "ப்ரூஃப் குடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் நிமிர்ந்து, "என்னங்கம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்று கரண்ட் பில்லை நீட்டினேன். பின்னால் நின்றவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். என் வயதுப் பெண்பிள்ளை தனியாக நின்று சிரித்தால் தள்ளித்தான் நிற்பார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தச் சிரிப்புக்கு உரியவர் நெடுங்காடு கலியபெருமாள். அவரிடம் வருகிறேன். அதற்கு முன்னால் பிரஸ்ஸுக்குள் ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம், வழியில்தான் இருக்கிறது.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த பிரஸ். சந்துக்குள் திரும்பும்போதே மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும். மண்டபத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் எனக்கு அது பிடித்திருந்தது. கருவாட்டு வாசனையிலேயே வளர்ந்தவளுக்கு எந்த வாசனையும் பதவி உயர்வுதான்.

முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம், காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு அப்படிப் பெயர். வருஷக்கணக்கில் சவுதியில் ஒரு மளிகை ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். திரும்பி வந்து, யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு பழைய மினி ஆப்செட் மெஷினை வாங்கிப் போட்டுவிட்டார். மெஷின் ஓட்ட அவருக்குத் தெரியாது. ஆனால் அதைப் பற்றிய வார்த்தைகள் எல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் அத்தர் பாட்டிலைத் திறப்பது மாதிரி ஆசையாகத் திறப்பார். நோட்டீஸ் அடிக்க வந்த ஆளிடம், "கிரிப்பர் விடணும், கிராப் மார்க் போடணும், இன்ஷா அல்லா முடிச்சிடுவோம்" என்பார். வந்தவருக்கு ஏதோ ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்கிற மாதிரி முகம் போகும்.

மெஷினை ஓட்டியவர் செல்வராசு அண்ணன். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று பேசிப் பழகியதால் மெஷின் நின்ற பிறகும் அதே சத்தத்தில்தான் பேசுவார். சாப்பிட்டியா என்று கேட்டாலே சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும். சத்தம் அதிகம் என்பதாலோ என்னவோ, வார்த்தைகளில் சிக்கனம். பாதி வாக்கியத்தை முழுங்கிவிடுவார்.

நான் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற பெண். கோர்ஸ் முடித்த சர்டிஃபிகேட்டோடு போனேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஒரு துணிக்கடை விளம்பரம். செல்வராசு அண்ணன் எட்டிப் பார்த்து, "பிளீட் விட்டியா?" என்றார். எனக்குத் தெரிந்த பிளீட் புடவைக்கு வைப்பது. துணிக்கடை விளம்பரம்தானே, ஒருவேளை காகிதத்தை மடிப்பு மடிப்பாக எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நாலு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு அழகாக மடிப்பு விட்டுக் கொடுத்தேன். அவர் பார்த்தார். நானாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நானாவுக்கு அவருடைய வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வார்த்தையை விளக்கும் வாய்ப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை.

"இங்க பாரு புள்ள. ஓரம் வரைக்கும் கலர் வர்ற வேலைன்னா, ஓரத்தைத் தாண்டியும் கொஞ்சம் கலர் விடணும். வெட்டும்போது கத்தி இத்தனூண்டு அப்படி இப்படிப் போனாலும் வெள்ளை தெரியாது. அதுதான் பிளீட். கலர் ஓரத்தைத் தாண்டி வழியுது பாரு, அது."

அதற்கப்புறம் ஒரு மாசம் வரை நான் புடவையில் வந்தால், "பிளீட் கரெக்டா விட்டிருக்கே" என்று செல்வராசு அண்ணன் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார்.

என்னை விடுங்கள். தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் எட்டுப் பக்கத்துக்குச் சின்னப் புத்தகம் அடிக்க வந்தார். நானா மலர்ந்த முகத்தோடு, "மொதல்ல உங்களுக்கு ஒரு டம்மி போட்டுக் காட்டுறோம்" என்றார். பக்கம் எப்படி எப்படி வரும் என்று வெற்றுக் காகிதத்தை மடித்துக் காட்டுவதற்கு டம்மி என்று பெயர். அந்த வேட்பாளருக்கு அந்த வார்த்தை வேறு வகையில் பழக்கம். "யாருய்யா உனக்குச் சொன்னது? நான் டம்மி கேண்டிடேட்டா? எதிர்க்கட்சிக்காரன் அனுப்பினானா?" என்று மேஜையைத் தட்டினார். காகிதத்தை மடித்துக் காட்டிய பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கேயும் டம்மிதான் போட்டிருப்பார்கள். வேறு பெயரில் போட்டார்களோ என்னவோ.

இனி கலியபெருமாள். நெடுங்காட்டில் நிலம் வைத்திருந்தவர். எதையும் இரண்டு தடவை கேட்டு மூன்றாவது தடவை நம்புகிறவர். பெரிய மகள் சித்ராவுக்குத் தையில் கல்யாணம், பத்திரிகை அடிக்க வேண்டும் என்று வந்தார். மாப்பிள்ளை பாரிஸ். எங்கள் ஊரில் பாரிஸ் என்பது மெட்ராஸைவிடக் கொஞ்சம்தான் தூரம், தெருவுக்கு நாலு வீட்டில் பாரிஸ் உண்டு. மாப்பிள்ளையின் தாத்தா சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, பேச்சு வார்த்தையெல்லாம் காரைக்காலில் இருந்த சித்தப்பாதான்.

கலியபெருமாள் எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே அடித்தேன். மாப்பிள்ளை அசோகன் பெயருக்குக் கீழே, 'ஆபீஸர், பாரிஸ்' என்று போடச் சொன்னார். "அத கொஞ்சம் பெருசா போடும்மா, கண்ணுல படற மாதிரி." நானா இரண்டு கலர் போடலாம் என்று யோசனை சொன்னார். கரும்பச்சை எழுத்து, பெண் மாப்பிள்ளை பெயர்கள் மட்டும் பச்சைக் கொடிக்கு நடுவில் சிவப்பில். "நாளைக்கு வந்து ப்ரூஃப் பாத்துட்டுப் போயிடுங்க" என்று அனுப்பினோம்.

மறுநாள் மஞ்சள் பையோடு வந்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, நிலப் பட்டா, சித்ராவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். "மாப்பிள்ளையோடது பிரெஞ்சுல இருக்கு, கொண்டாரலாமா?" என்றார். பத்திரிகை அடிக்க இவ்வளவு விசாரணை இருப்பதில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அச்சடிப்பதற்கு முன்னால் பிழை பார்க்கத் தருகிற மாதிரித் தாளுக்குத்தான் ப்ரூஃப் என்று பெயர் என்று நானா சொல்லி முடித்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடிப்போனது. பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தாளை எழுத்து எழுத்தாகப் படித்து, 'ஆபீஸர்' என்ற இடத்தில் ஒரு தடவை விரலால் தடவி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பச்சை அன்றைக்கே ஓடி முடிந்தது. மறுநாள் சிவப்பு ஏற்றும்போதுதான் சனி பிடித்தது. கொடிக்கு நடுவில் உட்கார வேண்டிய பெயர்கள் உட்காரவில்லை. சித்ராவாவது பரவாயில்லை, அசோகன் கொடி மேல் ஏறி வெளியே போகப் பார்த்தார். இரண்டு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதைத்தான் ரெஜிஸ்டர் ஆவது என்பார்கள். ஒரு மயிரிழை விலகினாலும் ரெஜிஸ்டர் ஆகவில்லை. செல்வராசு அண்ணன் திருகினார், தட்டினார், மழையைத் திட்டினார். காகிதத்தில் ஈரம் ஏறிவிட்டது என்று நானா சொன்னார். கலியபெருமாள் மறுநாள் கார்டு எடுக்க வந்துவிடுவார். அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு போன் ஏது? கலியபெருமாள் கொடுத்திருந்தது பக்கத்து உரக்கடை நம்பர். நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் செல்வராசு அண்ணன் போனை எடுத்து, மெஷின் பக்கத்தில் நிற்கிற குரலில், சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்: "கலியபெருமாள்ட்ட சொல்லிடுங்க. பொண்ணு கல்யாணம் ரெஜிஸ்டர் ஆவல. மாப்பிள்ளை தள்ளி நிக்கிறாரு. இன்னும் ரெண்டு மூணு நாள் பாக்கணும்."

உரக்கடைக்காரர் நல்ல மனிதர். கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டு வயல்வரப்பில் ஓடியிருக்கிறார்.

நீங்கள் வெளியூர் என்றால் இதில் உள்ள பயங்கரம் உங்களுக்குப் புரியாது. பாரிஸ் மாப்பிள்ளைக் கல்யாணத்தில் தாலி பாதி, ரெஜிஸ்டர் பாதி. ரெஜிஸ்டர் ஆனால்தான் பெண்ணுக்குப் பேப்பர் நகரும், விசா வரும். தாலி கட்டிவிட்டுப் பறந்தவர் ரெஜிஸ்டருக்கு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி, பெண் அப்பா வீட்டிலேயே இருந்துவிட்ட கதை நெடுங்காட்டுப் பக்கமே ஒன்று இருந்தது. கலியபெருமாளுக்கு நிச்சயதார்த்தத்தன்றே அதைக் கேட்க நாக்கு நுனிவரை வந்ததாம். சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது என்று முழுங்கிவிட்டாராம். இப்போது முழுங்கியது நெஞ்சில் ஏறிக்கொண்டது.

வயலிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். சித்ரா காரைக்காலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அங்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டார். திருத்திக்கொண்டிருந்த பேப்பரை மூடிவிட்டு, சிவப்புப் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் வந்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில், "என் பொண்ண ரெஜிஸ்டர் பண்ண மாட்டேன்னு சொல்ல நீங்க யாருங்க?" என்று ஆரம்பித்தாராம். சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது மனிதர்கள் செய்வதை அவரும் செய்தார், திரும்பக் கத்தினார். லீவில் வந்திருந்த அசோகன்தான் பொறுமையாக, "யார் சொன்னா? எங்கேருந்து போன் வந்துச்சு?" என்று கேட்டு, எல்லோரையும் ஒரு ஆட்டோவில் ஏற்றி பிரஸ்ஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

நான் சாப்பிட்டுவிட்டு, பேப்பர் கடைக்கும் போய்விட்டு மூன்று மணிக்கு மேல் திரும்பினால் பிரஸ்ஸுக்குள் கல்யாணக் கூட்டம், ஆனால் ஒரு முகத்திலும் கல்யாணம் இல்லை. நானா டீ வரவழைத்திருந்தார். யாரும் தொடவில்லை.

"என்னா பாய், என் மவ கல்யாணம் ரெஜிஸ்டர் ஆவாதுன்னு உங்காளு சொன்னாராமே?"

நானா பதறிப்போனார். பதறினால் அவருக்கு வார்த்தைகள் இன்னும் வேகமாக வரும். "ஆவும்ங்க, ஆவும்ங்க! இப்ப கொஞ்சம் ரெஜிஸ்டர் அவுட், அவ்ளோதான். பிளீட் கரெக்டா இருக்கு, கிரிப்பர் கரெக்டா இருக்கு…"

"அவுட்டா?" என்றார் கலியபெருமாள். சித்தப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

நான் ஓடிப்போய் ஒரு கார்டை எடுத்து நீட்டினேன். "ரெஜிஸ்டர்னா இதுங்க. இந்தச் சிவப்பு இந்தப் பச்சைக்குள்ள உக்காரணும். உக்காரல. அதைத்தான் அண்ணன் சொன்னாரு."

கலியபெருமாள் கார்டைப் பார்த்தார். இரண்டாவது தடவை பார்த்தார். மூன்றாவது தடவை பார்ப்பதற்குள் அசோகன் அதை வாங்கிக்கொண்டார். மேஜையில் கிடந்த மடக்கு லென்ஸைக் கேட்காமலே எடுத்து, கலர் பொருந்துகிறதா என்று பார்க்க ஓரத்தில் அடிக்கிற கூட்டல் குறியின் மேல் வைத்துக் குனிந்தார். "ஆ… ரெப்பெராஜ்" என்று தனக்குத்தானே சொன்னார். நாங்கள் ரெஜிஸ்டர் என்பதற்கு அவர்கள் அங்கே சொல்வது அது. அப்புறம் செல்வராசு அண்ணனிடம் திரும்பினார்.

"அண்ணே, ரெண்டு கலருக்கும் நடுவுல சைடு லே மாத்துனீங்களா?"

காகிதம் உள்ளே போகும்போது ஓரத்தில் அணைத்து நேராக்குகிற சின்னத் தகடுதான் சைடு லே. செல்வராசு அண்ணன் கொஞ்சம் மெதுவாகவே, அதாவது நாம் பேசுகிற சத்தத்தில், "வலது பக்கத் தகடு ராத்திரி உடைஞ்சிடுச்சு தம்பி. இடது பக்கம் போட்டு ஓட்டுறேன்" என்றார்.

"அதான். பச்சைக்கு எந்த ஓரம் அணைஞ்சு போச்சோ, சிவப்புக்கும் அதே ஓரம்தாண்ணே அணையணும். பேப்பர் நாலு பக்கமும் ஒரே அளவா வெட்டியிருக்காதுல்ல?"

சொல்லிக்கொண்டே வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டார். மூலையில் கிடந்த பழைய அலுமினிய அச்சுப் பிளேட்டிலிருந்து ஒரு துண்டை நறுக்கி, மடித்து, உடைந்த இடத்தில் திருகினார். கையில் மை ஒட்டியது. மண்ணெண்ணெய்த் துணி எங்கே என்று கேட்கவில்லை, மெஷினுக்கு அடியில் கையை விட்டு எடுத்துத் துடைத்துக்கொண்டார். எந்த பிரஸ்ஸிலும் அந்தத் துணி அங்கேதான் இருக்கும் போலிருக்கிறது. மெஷின் ஓடியது. முதல் கார்டு சரியில்லை, இன்னும் ஒரு திருகு. அடுத்து வந்த கார்டில் சித்ராவும் அசோகனும் கொடிக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

நானா, "மாஷா அல்லா!" என்றார்.

செல்வராசு அண்ணன் நிஜமான சந்தோஷத்தில், சந்து முழுக்கக் கேட்கும்படி, "தம்பி, நீங்க எந்த பிரஸ்ல வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அசோகன் அதை நிறுத்தினார்.

"பாரிஸுக்குப் பக்கத்துலண்ணே. நாலு கலர் மெஷின்."

"ஆபீஸரா?" என்றார் கலியபெருமாள்.

"இல்லீங்க. மெஷின் ஆபரேட்டர்."

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "நான் ஆப்செட்டுன்னுதாங்க சொன்னேன். பாரிஸ்ல ஆப்செட்டுல இருக்கான்னேன். உங்க காதுல ஆபீஸர்னு விழுந்தா நான் என்ன பண்றது?"

பேச்சு வார்த்தையின்போது சித்தப்பா வேண்டுமென்றே வாய்க்குள் முணுமுணுத்தாரா, இல்லை நிஜமாகவே கலியபெருமாள் காதில்தான் கோளாறா என்பது இன்றுவரை தீராத வழக்கு. நானா மட்டும் சட்டென்று சிரித்துவிட்டார். அப்புறம் கலியபெருமாள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தால் யாராலும் சிரிக்க முடியாது. நெடுங்காடு முழுக்க மாப்பிள்ளை ஆபீஸர் என்று அவர் சொல்லி வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை நினைத்துக்கொண்டு நிற்கிற முகம் அது.

சித்ரா சிவப்புப் பேனாவோடு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இப்போது அசோகனிடம் நேராகக் கேட்டாள். "நீங்க ஏன் சொல்லல?"

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்விதாங்க. கேசரி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா கோபத்தை அடக்கினாளா தெரியவில்லை. "பிரெஞ்சுப் பேப்பர் விஷயம்? கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணுவீங்களா, மாட்டீங்களா?"

"அதுக்கு முன்கூட்டியே மனு குடுக்கணும், அப்பாவோட நாளைக்கே வாங்க. இன்னிக்குக்கூடப் போலாம். ஆபீஸ் மூடியிருக்காது."

அவ்வளவு நாள் யாருக்கும் கேட்க வாய் வராத கேள்வி, மையும் மண்ணெண்ணெயும் நாறுகிற ஓர் அறையில் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. சித்ரா மேஜைக்கு வந்தாள். ஓடி முடிந்த கார்டில் ஒன்றை எடுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி 'ஆபீஸர்' மேல் சிவப்புக் கோடு கிழித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'ஆப்செட், பாரிஸ்'.

"ஏம்மா, ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார் அப்பா.

"ஆபீஸர்னு போட்டு அப்புறம் தெரிஞ்சா என்னப்பா சொல்லுவாங்க?"

அவர் அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தார். என்னிடம் நீட்டி, "அதையாவது பெருசா போடும்மா" என்றார்.

புதுக் காகிதம் வந்து, இரண்டு கலரையும் முதலிலிருந்து போட்டோம். மெஷின் பக்கத்தில் அசோகன் நின்றார். செல்வராசு அண்ணன் அவரைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வேலைக்கு நடுவே அசோகன் எங்கள் வார்த்தைகளுக்கெல்லாம் பிரெஞ்சு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். நானா ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்த வாடிக்கையாளர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பத்திரிகையைக் காட்டி, "ஏம்மா, நீ படிச்ச புள்ளையாட்டம் இருக்கே. இந்த ஆப்செட்டுங்கறது ஆபீஸருக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது என்று விழித்தேன். எதிர்ப் பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த கலியபெருமாள் காதில் அது விழுந்துவிட்டது. நின்றார். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"ரெண்டு படி மேல மாமா" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

சித்ராவும் நானும் அப்போதிருந்து பழக்கம். இந்தப் பொங்கலுக்கு அங்கிருந்து வாட்ஸப்பில் கூப்பிட்டாள். அசோகன் வேலை பார்த்த பிரஸ்ஸை மூடிவிட்டார்களாம், அவர் இப்போது ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிற பிரிவில் இருக்கிறார். இங்கே நானா மெஷினை விற்று, கடையை விட்டு, இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நான் வீட்டிலிருந்தே பக்கம் கட்டி சிவகாசிக்கு அனுப்புகிறேன். ப்ரூஃப் போனில் போகிறது, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. யாரும் வந்து மேஜையைத் தட்டிச் சண்டை போடுவதில்லை.

பேச்சோடு பேச்சாக சித்ரா, "பெட்டிய ஒழிக்கறப்ப நம்ம பத்திரிகை கெடச்சுதுக்கா. எடுத்துப் பாத்துட்டே இருந்தேன்" என்றாள். "அப்பா பேரு இருக்கு, அவரு இல்ல. மண்டபம் இருக்கு, அதையும் இடிச்சுட்டாங்களாமே. ஆப்செட்டும் போச்சு. நாங்க ரெண்டு பேருதான் அதுல மிச்சம்."

"கீழே பொடி எழுத்துல நம்ம பிரஸ் பேரு இருக்குமே, பாரு" என்றேன்.

கார்டைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

"இல்லியேக்கா. கட்டிங்ல வெட்டுப்பட்டுப் போயிருக்கு. பேரோட மேல் பாதி மட்டும் லேசா தெரியுது."

ஓரத்தில் போதுமான இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெட்டியது செல்வராசு அண்ணன். தப்பு யாருடையது என்று விசாரித்து, அதற்கு அச்சுத் தொழிலில் இருக்கிற பெயரையும் சேர்த்துச் சொல்லித்தர, நானா இல்லை.